ஜோதிமணி அறுத்த மலை

அபுதாபியில் ஒரு கோபுரம் எழும்புவதற்கு முன்னால் அது ஒருமுறை நகருக்கு வெளியே முசஃபா தொழிற்பேட்டையில் எழும்பிவிடும். இந்த விஷயம் வெளியே பலருக்குத் தெரியாது. கடலோரத்தில் கண்ணாடி மினுக்கிக்கொண்டு நிற்கிற அந்த உயரங்களில் பல, லாரி பட்டறைகளுக்கும் டயர் கடைகளுக்கும் நடுவே ஒரு தகரக் கூரைக்குக் கீழே, இடுப்பளவு உயரத்தில் பிறந்தவை. அந்தக் கூரை முகம்மது யூசுப் பாயுடையது. கீழக்கரைக்காரர். கட்டடங்களின் மாதிரி செய்து கொடுப்பது அவருடைய தொழில். வீடு வாங்க வருகிறவர்கள் குனிந்து பார்த்து, 'இதில் என் பால்கனி எது?' என்று கேட்பார்களே, அந்தச் சின்னக் கட்டடங்கள். அவற்றில் பாதிக்கு மேல் ஜோதிமணியின் கை பட்டவை.

ஜோதிமணிக்குச் சொந்த ஊர் காங்கேயம். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படித்தவள். கணவன் பாலகுரு ஏசி மெக்கானிக். அவனோடு ஃபேமிலி விசாவில் வந்தவள், ஃப்ளாட்டின் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல், யூசுப் பாயிடம் மரம் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். மரம் என்றால் பச்சைச் சாயம் தோய்த்த பஞ்சு, தீக்குச்சி மருந்தளவு. முதல் வருடம் முழுக்க மரம். பிறகு ஜன்னல், பிறகு கூரை, பிறகு முழுக் கட்டடம். ஒன்பது வருடத்தில் அவள் இல்லாமல் அங்கே எந்த வேலையும் வெளியே போகாது என்றாகிவிட்டது. ஜோதியக்கா முறைத்தால்தான் பசையே காயும் என்பான் கார்பெண்டர் வேலுச்சாமி. அது பொய்யில்லை. அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருந்தது. கோணலாக ஒட்டிய ஒரு ஜன்னலைப் பார்த்துவிட்டால் அன்று பட்டறையில் யாருக்கும் டீ இறங்காது.

அவளுக்கு ஒரு குறை உண்டு. அதை யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை. வீடுகள் விற்றுத் தீர்ந்ததும் அந்த மாதிரிகளுக்கு வேலை முடிந்துவிடும். ஒருநாள் பாலகுருவோடு காரில் போகும்போது, மூடிக்கிடந்த ஒரு விற்பனை அலுவலகத்தின் பின்னால் இருந்த பெரிய இரும்புக் குப்பைத் தொட்டியில் தன்னுடைய கோபுரம் ஒன்று தலைகீழாகக் கிடப்பதைப் பார்த்தாள். நாலு மாத வேலை. இறங்கிப் போய்ப் பார்த்தாள். நீச்சல்குளத்தில் யாரோ டீ கப்பைப் போட்டிருந்தார்கள். 'பொம்மைதானே, விடு புள்ள' என்று பாலகுரு தேற்றினான். அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. தான் செய்ததில் ஒன்றாவது குப்பைக்குப் போகாமல் நிற்க வேண்டும் என்று அன்றைக்கு அவள் ஆசைப்பட்டாள்.

அந்த ஒன்று இத்தாலியிலிருந்து வந்தது.

ஷார்ஜாவில் ஒரு கண்காட்சி. இத்தாலியின் நடுப்பகுதியில் ஒர்வியேத்தோ என்று ஒரு மலையூர். அந்த ஊரையும் அதன் பழைய காலத்தையும் பற்றியது. அதன் நடுவில் வைக்க முழு ஊரின் மாதிரி வேண்டும். கண்காட்சி முடிந்ததும் அதைக் கப்பலேற்றி அந்த ஊருக்கே கொண்டுபோய் நிரந்தரமாக வைப்பார்கள். யூசுப் பாய் இதைச் சொன்னபோது ஜோதிமணி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். குப்பைத் தொட்டி கிடையாதா என்று மட்டும் கேட்டாள். கிடையாது என்றார் பாய். அப்படியானால் இதை நான்தான் செய்வேன், வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

கண்காட்சியை அமைக்கிற லூச்சியா அந்த ஊரில் பிறந்தவள். வாரத்துக்கு இரண்டு தடவை வீடியோவில் வந்து ஆங்கிலத்தில் பேசுவாள். சொந்த ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். ஜோதிமணியும் நிறுத்தவிடமாட்டாள். அப்படித்தான் அந்த மலை முசஃபாவுக்கு வந்தது.

அது மலை என்றாலும் கூம்பு இல்லை. சமவெளி நடுவே மேசை போட்டதுபோல நாலு பக்கமும் செங்குத்தாக நிற்கிற பாறை, அதன் தலையில் ஊர். மூன்று லட்சம் வருடத்துக்கும் முன்னால் எரிமலை கக்கிய சாம்பல் படிந்து இறுகி ஆன கல் அது. வெந்தயத்தை ஊறவைத்தால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். அடியில் களிமண். அந்தப் பக்கம் பாலியா என்ற ஆறு ஓடுகிறது. ஆறு கீழே, ஊர் மேலே. எதிரி ஏற முடியாது, சரி. தண்ணீர் மட்டும் ஏறுமா? அதனால் அந்த ஊர்க்காரர்கள் கீழ்நோக்கித் தோண்டினார்கள். கல் மிருதுவானது, குடையக் குடைய வழிவிட்டது. எத்ருஸ்கர்கள் என்ற பழைய மக்கள், ரோமாபுரி பெரிதாவதற்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள், ஓர் ஆள் மட்டும் நுழைகிற மாதிரி ஒல்லியான கிணறுகளை வெட்டி, இறங்குவதற்கு இரண்டு பக்கச் சுவரிலும் கால் வைக்கக் குழி செதுக்கினார்கள். பிறகு வந்தவர்கள் எண்ணெய்ச் செக்குக்கு ஒரு குகை, புறா வளர்க்கச் சுவர் முழுக்கப் பொந்து வைத்து ஒரு குகை என்று குடைந்துகொண்டே போனார்கள். இன்றைக்கு அந்த ஊருக்கு அடியில் ஆயிரத்துக்கு மேல் குகைகள். மேலே சர்ச்சும் காப்பிக்கடையும் இருக்கின்றன, கீழே பாதி ஊர் வெறும் பொந்து.

அந்தப் பழைய நகரத்தின் கதையை ஜோதிமணி ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் பட்டறை முழுவதற்கும் சொன்னாள். வெல்ஸ்னா என்ற பெருநகரம் அங்கேதான் இருந்தது என்று ஆய்வாளர்கள் பலர் நம்புகிறார்கள். அங்கே செல்வந்தர்கள் செழித்துக் கொழுத்துச் சோம்பேறிகளாகி, காவல் வேலை, படை வேலை, கடைசியில் அதிகாரம் எல்லாவற்றையும் தங்கள் வேலைக்காரர்கள் கையில் விட்டார்கள். வேலைக்காரர்கள் ஒருநாள் ஊரையே எடுத்துக்கொண்டார்கள். முதலாளிகள் ரோமாபுரிக்கு ஓடிப்போய் அழுதார்கள். ரோமாபுரி படையோடு வந்தது, ஊரைத் தரைமட்டமாக்கியது. மிச்சமிருந்தவர்களை ஒரு ஏரிக்கரைக்கு விரட்டிவிட்டு, இரண்டாயிரம் வெண்கலச் சிலைகளையும் தூக்கிக்கொண்டு போனதாகப் பழைய எழுத்து சொல்கிறது. கதை முடிந்ததும் சாம்பார் டப்பாக்களுக்கு நடுவே ஒரே சிரிப்பு. யூசுப் பாய் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்தக் கதைய நமக்கு விசா குடுத்த கஃபீல்கிட்ட மட்டும் சொல்லிராதிய" என்றார்.

வேலுச்சாமிக்குப் பிடித்தது வேறு. பாறையின் அடிவாரத்தில் எத்ருஸ்கர்களின் கல்லறைகள் தெருத்தெருவாக, சின்னக் கல்வீடுகள் மாதிரி இருக்கின்றன. ஒவ்வொரு வாசலின் மேல்கல்லிலும் ஒரு பெயர். அந்த எழுத்து செத்தவரைப் பற்றிச் சொல்லாது, கல்லே பேசும்: 'நான் இன்னாருடையது.' அந்தப் பெயர்களில் சில வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பெயர்கள் என்று லூச்சியா சொல்லியிருந்தாள். வேலுச்சாமி சிவகங்கைப் பக்கத்துக்காரன், பதினைந்து வருடமாக வளைகுடாவில் இருக்கிறவன். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "அப்ப அவுங்க விசா முடிஞ்சு திரும்பிப் போகலையாக்கா?" என்று கேட்டான்.

மேல் ஊரை மட்டும் செய்தால் போதும் என்பதுதான் ஒப்பந்தம். குகைகளையும் காட்ட லூச்சியாவுக்கு ஆசைதான், ஆனால் செலவு கட்டுப்படியாகவில்லை. உங்கள் அறிவுக்கு இருக்கட்டும் என்று நிலத்தடி வரைபடங்களை மட்டும் அனுப்பிவைத்தாள். பாறையை ஜோதிமணி கெட்டி ஃபோமில் ஷீட் ஷீட்டாக வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஷீட்டும் பாறையின் ஒரு மட்டம். வரைபடத்தைப் பார்த்தபின் அவளால் மொத்தையாக அடுக்க முடியவில்லை. உள்ளே பொந்து இருக்கிற ஊரை உள்ளே அடைத்துச் செய்தால் அது பொய் என்று பட்டது. ஒவ்வொரு ஷீட்டிலும் அந்தந்த மட்டத்துக் குகைக்கு உரிய துளையை வெட்டினாள். கிணற்றுக்கு ஊசி மாதிரி ஒரு துளை, ஷீட்டுக்கு ஷீட் நேராக, இரண்டு பக்கமும் கால்குழிகளோடு. புறாப் பொந்துகளைப் பல்குத்தும் குச்சியால் குத்தினாள். உள்சுவர்களுக்கு வெந்தய நிறமும் பூசினாள். யாரும் பார்க்கப்போகாத இடத்துக்கு எதற்கு இந்த வெட்டி வேலை என்று பாய் கேட்டபோது, எடை குறையுமுங்க பாய் என்றாள். எடை குறைந்தது என்பது உண்மைதான். கடைசி ஷீட் மேலே ஏறியதும் அத்தனையும் இருட்டில் மறைந்தன.

வழக்கமாக இத்தனை பெரிய மாதிரியை நாலு துண்டாகச் செய்து, போகுமிடத்தில் பூட்டுவார்கள். கோடு தெரியாமல் சாலை ஓரத்தில் மறைப்பார்கள். இந்த முறை ஒட்டுக்கோடே இருக்கக்கூடாது, ஒரே கல்லாக வேண்டும் என்று பாய் லூச்சியாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு ஜோதிமணியும் தலையாட்டினாள், ஏனென்றால் வாசலை அவளே அளந்திருந்தாள். கண்காட்சி நடக்கப்போவது ஷார்ஜாவின் ரோலா சதுக்கத்துக்குப் பக்கத்தில், பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒரு பழைய அரபு வீட்டில். அவள் அளக்கப்போன வெள்ளிக்கிழமை வீடு பூட்டியிருந்தது. வங்காளி வாட்ச்மேன் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே பெரிய முற்றம், இடத்துக்குக் குறைவே இல்லை என்று ஹிந்தியில் உறுதி சொன்னான். தேக்குக் கதவின் அகலத்தைவிட மாதிரி நாலு விரல்கடை குறைவு. போதும் என்று திரும்பினாள்.

தவறு அங்கேதான் நடந்தது. காங்கேயத்தில் வாசல் என்றால் வாசல்தான். தெருவில் நின்று எட்டிப்பார்த்தால் முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு எல்லாம் ஒரே நேர்கோட்டில் திறந்து, கொல்லையில் காயும் பாவாடைவரை தெரியும். கதவைத் தாண்டினால் ஒரு வீடு திரும்பிக்கொள்ளும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? நமக்கு யாருக்குத்தான் தோன்றியிருக்கும்?

கண்காட்சி தொடங்குவதற்கு முந்தின நாள் காலையில் பிக்கப் வந்து நின்றது. ஜனவரி மாதம், இதமான வெயில். இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அளவுக்கு ஊர், அதை எட்டுப் பேர் பிடித்து இறக்கினார்கள். கதவுக்குள் சொன்னபடியே நாலு விரல்கடை மிச்சத்தோடு நுழைந்தது. பாய் பின்னாலிருந்து யல்லா யல்லா என்று அவசரப்படுத்தினார். முன்னால் பிடித்திருந்த வேலுச்சாமி நின்றுவிட்டான். அவன் மூக்குக்கு நேரே ஒரு சுவர்.

கதவைத் தாண்டியதும் எதிரே சுவர், இடப்பக்கம் ஒரு குறுகிய நடை, பிறகு வலப்பக்கம் திரும்பினால்தான் முற்றம். வீட்டின் பொறுப்பாளர் மக்தூம் மிகவும் மரியாதையாக விளக்கினார். தெருவில் போகிறவன் கண் நேராக வீட்டுக்குள், பெண்கள் இருக்கிற இடத்துக்குப் போய்விடக்கூடாது, அதற்காகப் பழைய காலத்தில் இப்படித்தான் கட்டுவார்கள் என்றார். ஜோதிமணி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அளந்தது அவள். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

சாய்த்துத் தூக்கிப் பார்த்தார்கள். பேரீச்ச உத்திரங்கள் வைத்த தாழ்ந்த கூரையில் சர்ச்சின் நுனி இடித்தது. கிரேன் வைத்து மேலேயிருந்து இறக்கலாமா என்றால் முற்றத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை. சுவரைத் தொடக்கூடாது என்பது மக்தூம் சொல்லாமலே தெரிந்தது. இருநூறு வருடச் சுவர் அது. பட்டறைக்குத் திருப்பி எடுத்துப்போய்ப் பிரித்துக் கட்ட வாரக்கணக்காகும். மறுநாள் சாயங்காலம் திறப்பு விழா. ஊரை மறுபடி வெளியே கொண்டுவந்து தெருவில் மரப்பலகைகள் மேல் வைத்தார்கள். ஒர்வியேத்தோ, ரோலா தெருவில், ஒரு புறாக்கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள்.

லூச்சியா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அவள் நேரில் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அவளும் அந்த வளைவைத் தினமும் தாண்டியவள்தான், அவளுக்கும் தோன்றவில்லை. கடைசியில் ஒரு யோசனை சொன்னாள்: ஏதாவது ஒரு மாலின் வாசலில் இதை வைத்துவிட்டு, முற்றத்தில் படங்களை மட்டும் மாட்டிவிடலாம். அப்படியானால் அது இத்தாலிக்குப் போகுமா என்று ஜோதிமணி கேட்டாள். லூச்சியா இல்லை என்று தலையசைத்தாள். கண்காட்சியில் இடம்பெறாத பொருளை ஒர்வியேத்தோ ஊர்ச்சபை ஏன் கப்பலேற்றப்போகிறது? மாலில் கொஞ்ச நாள் இருக்கும். பிறகு மாலின் பின்னால் ஒரு பெரிய இரும்புத் தொட்டி இருக்கும்.

ஜோதிமணி ஊரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பாறையையே பார்த்தாள். வெளியிலிருந்து பார்த்தால் அது அசையாத ஒரே கல். ஆனால் பெரிய தெருவுக்கு அடியில் கிணறு எங்கே இறங்குகிறது, எந்தக் குகைக்குப் பக்கத்தில் எந்தக் குகை என்று அவள் கைக்கு மனப்பாடம். எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"பாய், நான் இதை அறுத்துப்போடறனுங்க."

பாய்க்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்னவோ, ஒரு நிமிடம் சிரித்தார். பிறகு முகம் வெளுத்தது. "என்னம்மா சொல்றிய? ஒரே கல்லுன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"கல்லு ஒண்ணாவே இருந்து குப்பைக்குப் போறதுக்கு, ரெண்டாகி உள்ள போகட்டுமுங்க. இந்தப் பெரிய தெருவோட நடுவால எறக்குறேன். ஒரு வீடுகூடச் சாகாது."

லூச்சியாவிடம் அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் ஜோதிமணியின் முகத்தையும் சொந்த ஊரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையசைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பாய் அந்த அளவுக்குக்கூடத் துணியவில்லை. பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மெஷின் ரம்பம் வேண்டாம் என்றாள் ஜோதிமணி. அதிர்ச்சியில் கூரைகள் உதிர்ந்துவிடும். நீளக் கைரம்பம். அவள் ஒரு முனை, வேலுச்சாமி மறுமுனை. தெருவின் இருபுறமும் டேப் ஒட்டினாள். குறுக்கே நின்ற இரண்டு கடைகளையும் ஒரு நீரூற்றையும் கத்தி நுனியால் பெயர்த்து டிபன் டப்பாவில் பத்திரப்படுத்தினாள். முதல் இழுப்புக்கு முன்னால் வேலுச்சாமி, மறைத்துப் பேசாமல், தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னான். அது அவளுக்கு எப்படியோ தெம்பாக இருந்தது. இழுத்தார்கள்.

தெரு அறுந்தது. களிமண்ணிலிருந்து எழும்பிய எரிமலைக் கல் மேலேயிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாகிக்கொண்டு வந்தது. வெந்தய நிறத் தூள் அவள் முழங்கைவரை அப்பியது. வேடிக்கை பார்க்க வந்த பலுச்சிக்காரர் ஒருவர் நடுவில் தண்ணீர் பாட்டில் நீட்டினார். மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டபோது பாதி ஆகியிருந்தது. பாய் தொழுகைக்குப் போய்விட்டு வந்து, இந்த முறை பிக்கப்பில் ஏறாமல் தள்ளி நின்று பார்த்தார். வெயில் சாய ஆரம்பித்தபோது ரம்பம் அடிப்பலகையையும் அறுத்து முடித்தது. ஜோதிமணி நிமிர்ந்து, நாலு பேரை அந்தப் பக்கம், நாலு பேரை இந்தப் பக்கம் நிறுத்தி, மெதுவாக நகர்த்தச் சொன்னாள்.

மலை திறந்தது.

அறுத்த முகத்தில் கிணறு உச்சியிலிருந்து அடிவரை ஒரே கோடாக இறங்கியது, இரண்டு பக்கமும் கால் வைக்கும் குழிகளோடு. அதன் இடப்பக்கம் செக்குக் குகை. வலப்பக்கம் புறாக்குகை, சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பொந்து. அதற்குக் கீழே ஒரு சுரங்கம், அதற்கும் கீழே சாம்பல் நிறக் களிமண். மேலே காப்பிக்கடை மேசைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பாய் கிட்ட வந்து, குனிந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"எடை குறையும்னியளேம்மா" என்றார்.

ரம்பச் சத்தம் நின்றுவிட்டதால் லூச்சியா திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் அப்படியே தெருவில் மண்டியிட்டுவிட்டாள். ஒவ்வொன்றையும் விரலால் தொடாமல் தொட்டாள். இந்தக் கிணறு எங்கள் தெருவிலிருக்கிறது, இந்தக் குகையில் என் தாத்தா ஒயின் வைத்திருந்தார் என்று இத்தாலியனிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொன்னாள், அழுதாள், சிரித்தாள். மேலே வாழ்கிற எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் கீழே இருப்பதைப் பார்த்ததே இல்லை என்றாள். இரண்டு துண்டுகளும் வளைவில் அலுங்காமல் திரும்பி முற்றத்துக்குள் போயின. உள்ளே மேசையில் வைத்ததும் வேலுச்சாமி பசையை எடுத்தான். லூச்சியா அவன் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். ஒட்டக்கூடாது, இரண்டு பேர் நடுவில் நின்று பார்க்கிற அளவுக்கு இடைவெளி விட்டு இப்படியே இருக்கட்டும் என்றாள். ஒட்டுக்கோடு இல்லாத மாதிரி என்று யூசுப் பாய் கொடுத்த வாக்கை அன்றைக்குப்பிறகு யாரும் நினைவுபடுத்தவில்லை.

மறுநாள் திறப்பு விழாவில் ஊர் கூடியது. எல்லாரும் இரண்டு பாதிகளுக்கும் நடுவேதான் நெருக்கினார்கள். மக்தூம் தன் அம்மாவையே அழைத்துவந்திருந்தார். அந்த அம்மாள் கிணற்றின் கால்குழிகளைப் பார்த்துத் தன் ஊரிலும் இப்படி இருந்ததாகச் சொன்னார்களாம். ஜோதிமணி அரக்குப் பட்டுடுத்தி, காலையில் பூ கிடைக்காமல் போன எரிச்சலோடு, ஒரு தூணோரம் நின்றாள். பக்கத்தில் பாலகுரு. அவன் நீண்ட நேரம் அந்த இடைவெளிக்குள் நின்று பார்த்துவிட்டு வந்தான்.

"நாந்தான் பொம்மைன்னு சொன்னேன்" என்றான். "தப்புத்தான் புள்ள."

அவள் இரண்டு வருடமாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தாள். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். மனம் நிறைந்திருந்தது. அவளுக்கு அதை மறைக்கவும் தெரியவில்லை, முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

கூட்டம் குறைந்ததும் லூச்சியா ஒரு மெல்லிய தூரிகையும் கறுப்பு மையும் கொண்டுவந்தாள். அறுத்த முகத்தின் அடிவிளிம்பைக் காட்டி, எங்கள் பழைய ஆட்கள் வழக்கப்படி எழுதுங்கள், உங்கள் மொழியிலேயே எழுதுங்கள் என்றாள். யூசுப் பாய்க்குக் கல்லறை ஞாபகம் வந்துவிட்டது, உயிரோடு இருக்கிற பிள்ளை பெயரைப் போய் அப்படி எழுதலாமா என்று கவலைப்பட்டார். அந்த ஆட்கள் பானையிலும் கிண்ணத்திலும்கூட இப்படித்தான் எழுதுவார்கள் என்று லூச்சியா சொன்ன பிறகுதான் சமாதானமானார். ஜோதிமணி குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வரைகிற கவனத்தோடு ஒரு வரி எழுதினாள்.

இப்போதும் அவள் முசஃபாவில்தான் இருக்கிறாள். கோபுரங்கள் வருகின்றன, விற்கின்றன, குப்பைக்குப் போகின்றன. அவள் முன்போலவே கோணல் ஜன்னலுக்குச் சண்டை போடுகிறாள். எந்த இடத்துக்கு அளக்கப் போனாலும் முதலில் உள்ளே நடந்து, திரும்பி, மறுபடி திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் டேப்பை எடுக்கிறாள்.

போன மாதம் ஒர்வியேத்தோவிலிருந்து ஒரு போட்டோ வந்தது. பட்டறை முழுவதும் அதைச் சுற்றி நின்று பார்த்தது. கல் மண்டபம் ஒன்றில், கண்ணாடிக்குள், இரண்டு பாதியாக மலை. தொப்பி வைத்த ஊர்ப் பெரியவர் ஒருவர் விரலைக் கண்ணாடியில் வைத்துத் தன் வீட்டுக் கூரையைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் விரலுக்கு நேர்கீழே, அடிவிளிம்பில், அந்த ஊரில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு வரி இருந்தது. பக்கத்திலேயே அவர்கள் மொழியிலும் அதை எழுதி வைத்திருந்தார்கள். வேலுச்சாமி போனை வாங்கிப் பெரிதாக்கி, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசித்தான்:

"நான் ஜோதிமணியின் ஊர்."